இரண்டாவது தட்டு

இந்தக் காலத்தில் ஒருத்தனும் வாயைத் திறந்து வழி சொல்வதில்லை. லொகேஷன் அனுப்புகிறானாம். அதை ஒரு பொம்பளைக் குரல் சொல்லச் சொல்ல, நாம் மாடு மாதிரி பின்னாலேயே போக வேண்டுமாம். பாலம் தாண்டி வலது, கோயிலைப் பார்த்து இடது என்று சொல்ல நாக்கில் என்ன புண்ணா?

நடந்ததைத்தான் எழுதுகிறேன். எட்டாவதுக்கு மேல் படிக்காதவன், எனக்குக் கதை கட்டத் தெரியாது. பேயை நம்புகிறவனும் இல்லை. மனிதனையே நம்பாதவன் பேயை எங்கே நம்புவது? வாழ்நாளில் ஒரே ஒருவனைத்தான் நம்பினேன். வஹாபை.

மராத்தி பேசும் ஊரான கட்கியில் எங்கள் எதிர் வீடு அவன். முப்பது வருஷம் நான் கம்பெனி பஸ் ஓட்டினேன். அவன் என் கிளீனர். பெரிய வண்டியை ரிவர்ஸ் எடுக்கும்போது கிளீனர் பின்னால் நின்று கையால் தட்டுவான். ஒரு தட்டு என்றால் நில். இரண்டு தட்டு என்றால் வா. டிரைவர் யோசிக்க மாட்டான். கை சொல்லும், கால் கேட்கும். வஹாபுக்கு வலது ஆள்காட்டி விரல் பாதிதான். எங்கள் பஸ் கதவில் நசுங்கிப் போனது. அந்தக் குறைக் கையை நம்பித்தான் எத்தனையோ சந்துகளில் நான் கண்ணை மூடிக்கொண்டு பின்னால் வந்திருக்கிறேன்.

போன ஆடியில், பக்கத்து ஔந்தில் இருக்கும் ஸ்ரீவத்சன் ஒரு கேம்பர் வண்டி வாங்கினான். மெட்ராஸ் பையன், கம்ப்யூட்டர் வேலை. வண்டி இல்லை அது, வீடு. கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே. அவ்வளவு நீளத்தை ஓட்ட அவனுக்குத் தைரியம் இல்லை. அவனும் பெண்டாட்டி வைஷுவும் காரில் முன்னால் போய்விட்டார்கள். முல்ஷி ஏரிக்கு அந்தப் பக்கம் காத்திருப்பார்களாம். காலி வண்டியை நானும் வஹாபும் கொண்டுபோக வேண்டும்.

டிரைவர் கேபினுக்கும் அறைக்கும் நடுவே தகரச் சுவர். அறைக்கு ஒரே கதவு. அதை நானே பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டேன். யார் கையிலும் நான் சாவி கொடுப்பதில்லை.

பௌட் ஊரைத் தாண்டியதும் மழை. அப்புறம் மூடுபனி. போன் இடது என்றது. திரும்பினேன்.

"அண்ணே, இது ரஸ்தா மாதிரியே இல்லியே?" என்றான் வஹாப்.

"என்கிட்ட ஏன் சொல்ற? அந்தம்மாகிட்ட சொல்லு."

சொல்வதற்குள் சிக்னல் போய்விட்டது. அந்தம்மா வாயை மூடிக்கொண்டாள். ரோடு ஒடுங்கியது. ஒரு பக்கம் பாறை. மறு பக்கம் வெள்ளையாக... ஒன்றுமே இல்லை.

அப்போது வண்டியின் பின்பக்கம் லேசாக அமுங்கி எழுந்தது. ஓடும் பஸ்ஸில் ஒருத்தன் தொற்றினால் டிரைவருக்கு முதுகில் தெரியும். அந்த மாதிரி.

"பாய், பின்னால எவனாச்சும் ஏறிட்டானா பாரு."

ஜன்னல் வழியே தலையை நீட்டிப் பார்த்தான். "பனிதாண்ணே ஏறியிருக்கு."

கொஞ்ச தூரத்தில் ரோடே முடிந்துபோனது. மண் சரிந்து பாதி ரோட்டைக் காணோம். பகல்தான், நாலரை மணி. ஆனால் பத்தடிக்கு மேல் கண் தெரியவில்லை. திருப்ப இடமில்லை. வந்த வழியே ரிவர்ஸ்தான். பின் கேமரா திரையில் பால் ஊற்றினாற்போல் வெள்ளை.

வஹாப் இறங்கினான். சரிந்த செம்மண்ணில் கையை ஊன்றிப் பள்ளத்தை எட்டிப் பார்த்தான்.

"நான் பாத்துக்கறேண்ணே. தட்டினா வாங்க."

வண்டியின் பின்பக்கம் பாதிக்கு மேல் கண்ணாடி. உள்ளே திரை போட்டிருந்தது. அந்தக் கண்ணாடியில்தான் தட்டினான்.

டப் டப்.

வந்தேன்.

டப்... டப்.

வந்தேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி. வயசாகிவிட்டது, கை ஓய்ந்துவிட்டது என்று நினைத்தேன்.

டப்... டப்.

வந்தேன்.

டப்...

டப்.

வண்டி பின்னால் சரிந்தது.

பிரேக்கை மிதித்து, ஃபர்ஸ்ட் கியர் போட்டு... எப்படி மேலே இழுத்தேன் என்று எனக்கே தெரியாது. இறங்கிப் பார்த்தேன். சக்கரத்தின் தடம் ரோட்டு விளிம்பைத் தாண்டிப் போயிருந்தது. அதற்கு அப்பால் தரை இல்லை.

பாறையோடு ஒட்டி நின்றான் வஹாப். முகத்தில் ரத்தமே இல்லை.

"பாவி! ஏண்டா தட்டின?"

"முதல்ல ரெண்டு தட்டினேன். அப்புறம் மூணு வாட்டியும் ஒண்ணே ஒண்ணுதாண்ணே. நில்லுன்னுதான் தட்டினேன். கத்தினேன். நீங்க வந்துகிட்டே இருந்தீங்க!"

"எனக்கு ரெண்டு கேட்டுச்சு."

"கேட்டுச்சுண்ணே..." குரல் இறங்கியது. "எனக்கும் கேட்டுச்சு. ரெண்டாவது நான் தட்டல."

முப்பது வருஷம். அந்தக் கை ஒரு தரம்கூடப் பொய் சொன்னதில்லை. இன்று பொய்யும் சொல்லிவிட்டு, கதை வேறு கட்டுகிறது. என் நெஞ்சில் ஏதோ அறுந்துபோனது. அதற்கு மேல் அவனைப் பின்னால் நிற்க விடவில்லை. பனி விலகும்வரை காத்திருந்து, ஜன்னலில் தலையை நீட்டி நானே வண்டியை எடுத்தேன். ஔந்துக்கே திரும்பி, ஸ்ரீவத்சன் வீட்டு வாசலில் வண்டியை விட்டோம்.

ஏரியில் காத்திருந்து பார்த்துவிட்டு அவர்களும் ராத்திரியே திரும்பியிருந்தார்கள். மறுநாள் காலையில் சாவி கொடுக்கப் போனேன். கூப்பிடாமலே வஹாபும் வந்து நின்றான். வைஷு துணியும் வாளியுமாகப் பின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கூரை மறைத்திருந்ததால் மழை அழிக்கவில்லை. ஐந்து செம்மண் கை. எட்ட நின்று பார்த்ததில் ஐந்திலும் ஆள்காட்டி விரல் பாதிதான்.

துடைத்தாள். இரண்டு போயின.

மூன்று போகவில்லை.

"அங்கிள்... இது உள் பக்கம்."

சாவி அதுவரை என் இடுப்பில்தான் இருந்தது. நானே திறந்தேன். தரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. கட்டிலில் ஒரு சுருக்கம் இல்லை. திரையை விலக்கினேன்.

மூன்று கை. வெளியே வஹாபின் கை பதிந்த அதே இடத்தில். உள்ளங்கைக்கு நேர் உள்ளங்கை.

ஐந்து விரலும் முழுசாக.

மண் இன்னும் காயவில்லை.

வைஷு வாளியைப் போட்டுவிட்டு மாடிக்கு ஓடிவிட்டாள். கதவைப் பூட்டினேன். நடந்தேன். வஹாப் ஓடி வந்து, இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டான். அழுதான்.

"இப்பவாச்சும் நம்புங்கண்ணே. நான் உங்களைக் கொல்லப் பாப்பேனா?"

பின்னால், பூட்டிய வண்டிக்குள்ளிருந்து...

டப்.

என் கால் தானாக நின்றது. முப்பது வருஷப் பழக்கம்.

வஹாபின் இரண்டு கையும் என் கையில்தான் இருந்தன.

டப்.

உதறிவிட்டு நடந்தேன். கட்கி பஸ் ஏறும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

இன்றும் எதிர் வீடுதான். பேச்சு இல்லை. தட்டியது வஹாப்தான். வேறு யார் தட்டியிருக்க முடியும்?