சேஷன் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஆட்குறைப்பு

வீட்டுக் கம்ப்யூட்டர் பார்க்கப் போகிறவனுக்குப் பழுது நீக்கத் தெரிந்தால் பாதித் தொழில்தான் தெரியும். எதை அணைக்கக் கூடாது என்பது மீதிப் பாதி.

நான் கொச்சித் துறைமுகக் கிடங்குகளில் தொழிற்சங்கம் கட்டியவன். என் படிப்பெல்லாம் துண்டுப்பிரசுரங்கள்தான். அவற்றை அச்சுக்குத் தயார் செய்ய ஆள் கிடைக்காததால் கம்ப்யூட்டர் கற்றேன். சங்கம் என்னை மறந்த பிறகு, மட்டாஞ்சேரியில் அதுதான் சோறு போடுகிறது. கம்ப்யூட்டரிடம் அவமானப்பட்ட தோழர்களே, உங்களுக்காகவே இதைச் சொல்கிறேன்.

வனஜா, வெலிங்டன் தீவில் உள்ள ஒரு கப்பல் ஏஜென்சிக்காக வீட்டிலிருந்து வேலை செய்கிறாள். வேண்டாத நெட்வொர்க் சேவைகளை ஒரு வாரத்தில் மூடாவிட்டால் அலுவலகத்துக்கே வர வேண்டும் என்று அங்கிருந்து கடிதம் வந்ததும் என்னைக் கூப்பிட்டாள். அவள் போய்விட்டால், இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கும் மாமனாரைப் பார்க்க ஆளில்லை. அந்த மாமனார் சேஷன், நான் வேலைநிறுத்தம் நடத்திய கிடங்கில் பர்சனல் ஆபீசராக இருந்தவர்.

ஒரே மூச்சில் எல்லோரும் வெளியே

கம்ப்யூட்டருக்குள் நமக்குத் தெரியாமல் பல சேவைகள் ஓடிக்கொண்டிருக்கும். நம் கோப்புகளைப் பக்கத்துக் கம்ப்யூட்டருக்குக் காட்ட ஒன்று, பிரிண்டருக்கு ஒன்று, தூரத்திலிருந்து யாரோ நம் திரையைப் பார்க்க ஒன்று. பாதிக்கு மேல் வேலையே இல்லாமல் கதவைத் திறந்து வைத்திருப்பவை. ஆட்குறைப்பை எதிர்த்தே ஆயுளைக் கழித்த நான், அலுவலகம் தொடாதே என்று சொல்லியிருந்த ஒன்றை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் நீக்கினேன். அதில் ஒரு சுகம் இருந்ததை மறைக்க மாட்டேன்.

மறுநாள் காலை வனஜாவின் சரக்குப் பட்டியல் ஒன்றுகூட அச்சாகவில்லை. பிரிண்டரை ஓட்டும் சேவையையும் சேர்த்து அனுப்பியிருந்தேன். ஓடிப்போய் அதை மறுபடி வேலைக்கு எடுத்தேன். கட்டிலிலிருந்து சேஷன், தோழர்களை எங்கள் சங்கம் கூப்பிடும் சொல்லாலேயே கூப்பிட்டுச் சொன்னார்: "விசாரணை இல்லாம வேலையிலேர்ந்து பிரிச்சுவிட்டேளே, சகாவே. நாங்க ஒரு நோட்டீஸாவது கொடுப்போம்."

கீழ்வீட்டு வாசகி

கீழ்வீட்டு ரோஸிக்கும் இவர்களுக்கும் ஒரே இணைய இணைப்பு. சேஷன் படுத்தபடி சொல்லச் சொல்ல, வனஜா அவருடைய சுயசரிதையை மலையாளத்தில் டைப் செய்துவந்தாள். கோப்புப் பகிர்வு யாருக்கும் திறந்தே கிடந்ததால் ரோஸி அதைக் கீழே உட்கார்ந்து தொடர்கதையாகப் படித்திருக்கிறாள். நான் பகிர்வை மூடியதும் படியேறி வந்துவிட்டாள்.

அந்தக் கதையில் எனக்கும் இடம் உண்டா என்று கேட்டேன். "தொண்டையைத் தவிர வேறொன்றும் இல்லாத ஒருவன்" வருவதாகச் சொன்னாள். சேஷன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். இனிப் பகிர்வு மூடியேதான் இருக்கும் என்றேன். "மூடிக்கோங்க சேட்டா, குழப்பமில்ல, பரவாயில்ல. அந்தத் தொண்டைக்காரன் ஜெயிலுக்குப் போனானா இல்லையா, அது மட்டும் சொல்லிட்டுப் போகணும்."

ஒன்பது முதல் ஐந்து

மிச்சம் இருந்தது, தூரத்திலிருந்து திரையைப் பார்க்கும் சேவை. அதை மட்டும் எந்நேரமும் திறந்து வைக்கச் சொல்லியிருந்தது அலுவலகம். வனஜா சமைக்கும்போதும் தூங்கும்போதும் அந்தக் கதவு திறந்தே இருந்தது. என் கை தானாக அதை மூடப் போயிற்று. வனஜா மௌஸைப் பிடித்துக்கொண்டாள். "அங்கிள், உங்களுக்கு அது கொள்கை. எனக்கு அது வேலை."

வேலை நேரம் என்ன என்று கேட்டேன். ஒன்பது முதல் ஐந்து என்றாள். அந்தச் சேவை ஒன்பதுக்குத் தானாகத் தொடங்கி ஐந்துக்குத் தானாக நிற்கும்படி அமைத்தேன். சொல்லாமல் செய்தால் அவள் வேலைக்கே ஆபத்து என்பதால் அலுவலகத்துக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். 'வன்மையாகக் கண்டிக்கிறோம்' என்று தொடங்கியதுமே சேஷன் நிறுத்தினார்.

"அதுக்கு மேல எவனும் படிக்கமாட்டான். நீ எழுதிக்கோ வனஜா. தங்கள் கடிதத்தின்படி, வேலை நேரத்துக்கு வெளியே தேவைப்படாத சேவை மூடப்பட்டுள்ளது. வேலை நேரம் மாறினால் தெரிவிக்கவும். அவ்வளவுதான்."

இரண்டாம் நாள் பதில் வந்தது: சரி, வீட்டிலிருந்தே தொடரலாம். வனஜா அதை இரண்டு தரம் படித்துக் காட்டினாள். இந்த மாதிரிக் கடிதங்களால்தானே அன்றைக்கு எங்களைத் தோற்கடித்தீர்கள் என்று சேஷனிடம் கேட்டேன். "இல்ல, சகாவே. உங்க கடிதங்களாலதான்."

இப்போதெல்லாம் எந்தச் சேவை வேண்டும், எது வேண்டாம் என்று யார் கூப்பிட்டாலும், அந்த வீட்டில் ஓய்வுபெற்ற நிர்வாகத் தரப்பு ஆள் யாராவது படுத்திருக்கிறாரா என்று விசாரித்துவிட்டுத்தான் பையைத் தூக்குகிறேன்.