அளந்த அரிசியில் ஒரு கை

இங்கே இங்கிலாந்தில் அரிசி அட்டைப் பெட்டியில் வருகிறது. எப்படி வேகவைப்பது என்று பெட்டியின் முதுகில் எழுதியிருக்கிறது. நம் மேல் அவர்களுக்கு அவ்வளவு நம்பிக்கை. வந்து ஒன்பது வருஷமாகியும் அதைப் படித்தால் எனக்குச் சிரிப்புதான். அளந்த அரிசியில் ஒரு கை எடுத்துப் பிஸ்கட் டப்பாவில் போட்ட பிறகே மிச்சத்தைக் களைகிறேன். டப்பா நிறைந்தால் யாருக்குக் கொடுப்பது என்பதுதான் தெரியவில்லை.

அருப்புக்கோட்டையில் அந்தக் கேள்வியே கிடையாது. அறுபதுகளில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பிடியரிசிப் பானை இருந்தது. வாரம் ஒருமுறை ஆள் வந்து வாங்கிப் போவார். விற்ற காசு பள்ளிக்கூடத்துக்கு. நான் படித்த பள்ளியே அப்படி எழும்பியதுதான். அப்பாவுக்கு மிளகாய் வத்தல் மண்டி. நரிக்குடி அரிசி வீட்டில் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். எனக்குப் பன்னிரண்டு வயதில், அம்மா ஒரு விசேஷத்துக்குப் பந்தல்குடி போயிருந்த நாளில், பெரிய மனது பண்ணி மூட்டையிலிருந்து அள்ளிப் பானையை நிரப்பிவிட்டுப் பாராட்டுக்குக் காத்திருந்தேன். அம்மா வந்ததும் நான் அள்ளியதை மூட்டையிலேயே திரும்பக் கொட்டினார்.

“மூடையில அள்ளுனா உனக்கு என்னடி கொறஞ்சுச்சு? உலைக்கு அளந்ததுல எடுக்கணும். நம்ம வயித்துல ஒரு வாய் கொறையணும்.”

அன்றைக்கு எனக்குக் கோபத்தில் ஒரு வாய் இல்லை, ஒரு வேளையே குறைந்தது.

என் மகன் செந்திலுக்கு எட்டு வயது. அவன் அப்பா டாக்டர். வீட்டில் எதற்கும் குறைவில்லை. பாதிச் சோற்றைத் தட்டில் விட்டுவிட்டு எழுந்து போவான். ஒரு வாய்ச் சோற்றின் அருமை தெரியாமலே வளர்ந்துவிடுவானோ என்று எனக்குப் பயம். அதனால் பிடியரிசிக் கதையைச் சொல்லி, ‘எங்க ஸ்கூலே அரிசியால கட்டுனதுடா’ என்று கொஞ்சம் பீற்றிக்கொண்டு, நிறைந்த டப்பாவை அவன் பள்ளிக்குக் கொடுத்தனுப்பினேன்.

மாலையில் காலி டப்பாவும் பெரிய அட்டையுமாக வந்தான். வகுப்பே சேர்ந்து அரிசியைப் பசையில் ஒட்டிப் படம் செய்திருக்கிறது. ஆத்திரத்தில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. மறுநாள் டீச்சரிடம் போய், அது சாப்பிடுகிற அரிசி என்றேன். “ஆமாம், எவ்வளவு அழகாக ஒட்டுகிறது! இன்னும் இருந்தால் அனுப்புங்கள்” என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். வேறென்ன செய்ய?

வீட்டுக்கு வந்துதான் படத்தைச் சரியாகப் பார்த்தேன். நீளமாக ஒரு கட்டடம், வரிசையாக ஜன்னல்.

“என்னடா இது?”

“உன் ஸ்கூல். அரிசியால கட்டுனதுன்னு சொன்னீல்ல?”

“அரிசிய வித்துக் கட்டுனாகடா” என்றேன். படத்தைச் சமையலறைச் சுவரில் சாய்த்து வைத்தேன்.

அன்று மாலை நான் அரிசி அளந்தபோது கிண்ணத்துக்குள் அவனே கையை விட்டு ஒரு கை எடுத்து டப்பாவில் போட்டான். சாப்பிடும்போது தட்டை வழித்துவிட்டு இன்னும் கேட்டான்.

“அவ்வளவுதான். அளந்ததுல நீதான எடுத்த?”

விரலை நக்கிக்கொண்டே கேட்டான்: “இந்த டப்பா நெறஞ்சா எந்த ஸ்கூலுக்கும்மா? உன் ஸ்கூலுக்கா, என் ஸ்கூலுக்கா?”

படத்திலிருந்து உதிர்ந்து கிடந்த அரிசியைப் பொறுக்கி டப்பாவில் போட்டேன்.