பந்தியில் ஓர் இடம்

நாத்தனார் தன் மகன் கல்யாணத்துக்கு அழைக்கத் துடியலூரில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, பத்திரிகைத் தட்டை என் கணவரிடம்தான் நீட்டினாள். "அண்ணி சிரமப்பட வேண்டாமுங்கண்ணா. கல்யாணம் முடிஞ்சதும் பொண்ணு மாப்பிள்ளைய இங்கயே கூட்டிட்டு வாரேன்" என்றாள். நான் எதிர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். அது கரிசனமா, வராதே என்பதா என்று எனக்குப் பிடிபடவில்லை.

பக்கவாதம் வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. கால் ஓரளவு தேறி, கைத்தடியோடு நடந்தேன். வலக்கை மடியிலேயே கிடந்தது. பேச்சில்தான் பெரிய குழப்பம். தண்ணீர் கேட்க நினைத்தால் வாயில் தபால் என்று வரும். சில நாள் தவறாகச் சொன்னதே தெரியாது. எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வேன். முன்பெல்லாம் எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணமானாலும் பந்தியைக் கவனிப்பது என் வேலை.

"நானும் வாரனுங்க" என்றேன் கணவரிடம். அது மட்டும் சரியாக வந்துவிட்டது.

"அங்க படி ஜாஸ்தி அம்மணி."

சிங்காநல்லூரில் இருந்த அந்த மண்டபத்துக்குப் பலமுறை போயிருக்கிறேன். படி அதிகமா என்று எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. அவர் சொல்வது நிஜமா, சாக்கா? மறுபடி கேட்டேன். கூட்டிப்போனார். படி இருந்தது, பிடித்து ஏறக் கம்பியும் இருந்தது.

உள்ளே மேளமும் பேச்சும் ஒன்றாகக் கலந்து, யார் என்ன சொல்கிறார்கள் என்றே பிரிக்க முடியவில்லை. தெரிந்தவர்கள் வந்தார்கள். "எப்படி இருக்காங்க?" என்று கணவரிடம் கேட்டுவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் நாத்தனார் வந்தாள். "ஏனுங்கண்ணா, அண்ணிக்கு ரூம்லயே இலை போடச் சொல்லட்டுங்களா? இடது கையில சாப்பிடறத நாலு பேர் பாத்தா அவங்களுக்குச் சங்கடமா இருக்குமுங்க."

சங்கடம் எனக்கா, அவளுக்கா? 'பந்தியில உக்காந்துக்கறேன்' என்று சொல்ல வாயெடுத்தேன். "பஸ்ஸுல உக்காந்துக்கறேன்" என்று வந்தது.

"ஊட்டுக்குப் போகோணுங்கறாங்கண்ணா" என்றாள் அவள். கணவர் கார் சாவியை எடுத்தார்.

அதற்கு மேல் பேசிப் பயனில்லை என்று தோன்றியது. தடியை ஊன்றிக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்துக்கு நடந்தேன். ஒரு காலி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கணவர் பின்னாலேயே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

இலை போட்டார்கள். எதிர் வரிசையில் இருந்த பெண் என் இடது கையைப் பார்த்தாள். பிறகு தன் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். சாம்பார் சேலையில் சிந்தியது. சாப்பாடு ருசியாக இருந்ததா என்று கேட்டால் இன்றும் சொல்லத் தெரியாது. பாதியில் நாத்தனாரே பாயச வாளியோடு வந்தாள்.

"இன்னொரு கரண்டி வெக்கட்டுங்களா அண்ணி?"

என்னிடம்தான் கேட்டாள். தலையாட்டினேன். அவள் கண் கலங்கியிருந்தது. பாசமா, வருத்தமா, அடுப்புப் புகையா, தெரியவில்லை.

திரும்பும் வழியில் எனக்கு அழுகை வந்தது. கணவர் காரை ஓரங்கட்டினார்.

"வலிக்குதா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"சந்தோஷமா?"

அதற்கும் அப்படியே ஆட்டினேன். பாவம், அவர் விழித்தார். பிறகு வண்டியை எடுத்தார்.

அடுத்த வாரம் பக்கத்துத் தெருவில் ஒரு வளைகாப்பு. நான் கேட்காமலேயே, "எந்தச் சேலை கட்டற?" என்றார்.