நஞ்சுண்டன் வீட்டுத் திருஷ்டி பொம்மை

நஞ்சுண்டனுக்குச் சந்தேகம் பிறவிக் குணம். ஹோட்டலில் சாம்பார் ருசியாக இருந்தால், நேற்றைய மிச்சத்தை மறைக்க மசாலாவைக் கொட்டியிருக்கிறார்கள் என்பார். அவரோடு ஒரே ஆபீஸில் குப்பை கொட்டுகிறவன் நான். என் பிறந்தநாள் கேக்கைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைத்தார்.

அப்படிப்பட்டவர் சான் ஹோசேயில் நூறு வருஷத்துக்கு முந்தைய மர வீட்டை வாங்கியது எங்கள் எல்லோருக்கும் ஆச்சரியம். கிராஃப்ட்ஸ்மேன் பாணி வீடு. கூரை தாழ்ந்து, சுவரைத் தாண்டி வெளியே நீண்டிருக்கும். போர்ச்சில் அடி அகன்று மேலே குறுகும் தூண்கள், ஆற்றுக் கல்லில் புகைபோக்கி, உள்ளே கணப்பின் இருபுறமும் சுவரோடு சேர்த்தே செய்த பெஞ்சுகள். மரம் மரத்தோடு சேரும் இடத்தைக்கூட ஒளிக்காமல் காட்டுவதுதான் அந்தப் பாணியின் கொள்கை. நஞ்சுண்டனோ, இவ்வளவு வெளிப்படையாக இருக்கிறதே, எதையோ மறைக்கிறார்கள் என்று சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

நகராட்சி பாதுகாக்கும் வீடு அது. வெளிப்புறத்தில் அனுமதியில்லாமல் எதையும் மாற்றக் கூடாது. அந்தப் பாதுகாப்பை வாங்கிக் கொடுத்ததே எதிர்வீட்டு மார்த்தாதான். ஓய்வு பெற்ற நூலகர். ஒரு பில்டர் வீட்டை இடித்து அபார்ட்மென்ட் கட்ட வந்தபோது, நகராட்சிக் கூட்டம் ஒன்றுவிடாமல் போய் மல்லுக்கு நின்று காப்பாற்றியவர்.

நஞ்சுண்டன் ஆபீஸுக்கும் மகள் கயல் காலேஜுக்கும் போன பிறகு, கார் ஓட்டத் தெரியாத அவர் மனைவி புஷ்பவல்லிக்கு அந்த ஊரில் பேச்சுத்துணை மார்த்தா ஒருவர்தான். இருவரும் போர்ச்சில் உட்கார்ந்து காபி குடிப்பார்கள். தன் அரைகுறை இங்கிலீஷைத் திருத்தாமல் கேட்கிற ஒரே ஆள் அவர்தான் என்று புஷ்பவல்லி என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார்.

வரும்போதெல்லாம் மார்த்தா தூணைத் தடவி, என்ன அழகு என்பார். அதுதான் நஞ்சுண்டனுக்கு உறுத்தியது.

"இவ்வளவு ஆசை இருக்கறவங்க ஏன் வாங்கலைங்க? முடியலை. அந்த ஆதங்கம் கண்ணுல தெரியுது," என்றார் என்னிடம்.

"வீடு நல்லாருக்குன்னு சொல்றதுல என்னங்க தப்பு?"

"ஒருக்கா சொல்லலாம். தினமுமா சொல்லுவாங்க?"

அந்தச் சமயத்தில் வாட்டர் ஹீட்டர் ஒழுகியது. போர்ச் படியில் அவருக்குக் கால் பிசகியது. கயலுக்கு வரவேண்டிய இன்டர்ன்ஷிப் கைநழுவியது. எல்லாவற்றையும் மார்த்தா தலையில் கட்டினார். ஈரோட்டிலிருந்து வரவிருந்த தம்பி சுப்பையனிடம் சொல்லித் திருஷ்டி பொம்மை ஒன்றை வரவழைத்தார். பிதுங்கிய கண், கோரைப் பல், தொங்கும் நாக்கு. ஆணி அடிக்காமல் கயிற்றால் தூணில் கட்டி, முகத்தை எதிர்வீட்டு ஜன்னலைப் பார்க்கத் திருப்பிவைத்தார். விதியை மீறாமல் காரியத்தை முடித்த பெருமை வேறு.

மார்த்தா அதையும் ரசித்தார். உங்கள் ஊர்க் கலையா என்று கேட்டார். டெகரேஷன் என்று நஞ்சுண்டன் மழுப்பினார். லீவுக்கு வீட்டிலிருந்த கயலிடம் மார்த்தா இன்னொரு நாள் கேட்டபோது, அவள் உள்ளதை இங்கிலீஷில் சொல்லிவிட்டாள்: பொறாமைக்காரர்களின் பார்வை வீட்டின் மேல் படாமலிருக்க அப்பா கட்டியது. மார்த்தா பொம்மையைப் பார்த்தார். அது பார்க்கும் திசையைப் பார்த்தார். பாதிக் காபியோடு எழுந்து போய்விட்டார்.

அதன்பின் அவர் வரவில்லை. புஷ்பவல்லி காபி போட்டு வைத்துக்கொண்டு காத்திருந்து பார்த்தார். ஒருநாள் கணவரைக் கேட்காமலே பொம்மையை அவிழ்த்துக் குப்பையில் போட்டார். இதைக் கேட்டபோது எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே போயிருந்தேன். புஷ்பவல்லி தன் கையால் சுட்ட ஒப்பிட்டுப் போளியை ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தார். மார்த்தா மரியாதையாகத்தான் வாங்கிக்கொண்டாராம். பெஞ்சுகளுக்குப் புது மெருகு போட்டிருக்கிறோம், வந்து பாருங்கள் என்று இவர் கூப்பிட்டிருக்கிறார்.

"நான் பார்க்காமல் இருப்பதுதான் உங்கள் வீட்டுக்கு நல்லது," என்று சொல்லி மார்த்தா கதவை மெல்லச் சாத்திவிட்டார்.

புஷ்பவல்லி அழுதுகொண்டே திரும்பி வந்து அதை அப்படியே சொன்னார். நஞ்சுண்டன் முகம் மலர்ந்தது.

"பாத்தயா புஷ்பா? அவங்க வாயாலயே ஒத்துக்கிட்டாங்க."