உத்தரத்தில் ஒட்டிய காகிதம்

ஒரு பழைய மரத்தளம் எத்தனை பேரைத் தாங்கும்? வாசலில் டிக்கெட் கொடுக்கும் அக்கா கேட்டபோது எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியாது. தெரியாததால்தான் ஐந்து பேருக்கு மேல் மாடிக்கு விடமாட்டார்.

"அண்ணே, நீங்க ரெண்டு பேர் கணக்கு. கோவிச்சுக்காதீங்க" என்று பருத்த மனிதர் ஒருவரை நிறுத்தி வைப்பார். அவர் சிரிப்பார். அக்கா சிரிப்பதில்லை.

அது மறைந்த நாடக நடிகர் ஒருவரின் வீடு, இப்போது அருங்காட்சியகம். மாடி அறையில்தான் அவர் ஒத்திகை பார்ப்பாராம். அரச வேடத்துக்காகக் காலை ஓங்கி வைத்து நடந்து பழகிய இடத்தில் பலகை குழிந்திருக்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் அந்தக் குழியில் நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டும். அக்கா மட்டும் சுவரை ஒட்டியே நடப்பார். மேலே யாராவது குதித்தால் பேச்சை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்ப்பார்.

காலையில் வந்ததும் அந்த மாடி அறைக்கு நேர் கீழே இருக்கும் ஒப்பனை அறைக்குத்தான் போவார். மேசைமேல் மரத்தூள் உதிர்ந்திருக்கும். விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, ஸ்டூல் போட்டு ஏறுவார். உத்தரத்தில் ஒரு விரிசல். அதன் குறுக்கே காகிதத் துண்டு ஒட்டி, பென்சிலால் தேதி எழுதி வைப்பார். விரிசல் அகன்றால் காகிதம் கிழியும். முன்பு ஒரு துண்டு மாதக்கணக்கில் தாங்கியது. பிறகு ஒரு வாரம். போன செவ்வாய்க்கிழமை, முந்தின நாள் மாலை ஒட்டியதே இரண்டாகக் கிழிந்திருந்தது.

மேலாளரிடம் ஓடினார்.

"நூறு வருஷமா நிக்கிற வீடும்மா இது."

"விழுற வரைக்கும் எல்லா வீடும் நிக்கத்தான் சார் செய்யும்."

"இப்படிப் பேசித்தான் வர்ற கூட்டத்தையும் வெரட்டுறீங்க. இன்னொரு வாட்டி இதைச் சொன்னீங்கன்னா வேற ஆள் பாத்துக்குவேன்."

அக்கா டிக்கெட் மேசைக்குத் திரும்பினார். அவர் வீட்டில் வேலைக்குப் போகிறவர் அவர் ஒருவர்தான்.

அன்று பத்து மணிக்குப் பள்ளிப் பேருந்து வந்தது. நாற்பது பிள்ளைகள். மேலாளரே மாடிப்படியின் கயிற்றை அவிழ்த்து, "எல்லாரும் மேல போங்க" என்றார். அக்கா பிள்ளைகளை விலக்கிக்கொண்டு போய், முதல் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"எந்திரிங்கம்மா," என்றார் மேலாளர், பல்லைக் கடித்துக்கொண்டு.

"அக்கா, மேல பேய் இருக்கா?" என்று ஒரு சிறுமி கேட்டாள்.

"இருந்தா அதையும் எறங்கி வரச் சொல்லிருப்பேன் கண்ணு."

மேலாளர் மறுபடி அதட்டினார். அக்கா எழவில்லை. செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, இரண்டு பக்கக் கைப்பிடிகளையும் இறுகப் பற்றிக்கொண்டார்.

அந்த வீட்டைப் பார்க்கப் போகிறவர்கள் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், தயவுசெய்து இதை அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.