பாலக்கோட்டில் பார்த்த கிதார்

எழுபதுகளில் தருமபுரியில் ஒரு கல்யாணக் கச்சேரிக் குழுவில் கிதார் வாசித்துக்கொண்டிருந்தேன். பாலக்கோட்டில் ஒரு பொறியாளர் இறந்துபோக, அவருடைய வெளிநாட்டுக் கிதாரை மதிப்பிட்டுச் சொல்லும்படி அவர் மனைவி என்னை அழைத்தார்.

முன்பலகையைத் தட்டினேன். ஓசை மணிபோல் எழுந்து மெல்ல அடங்கியது. ஒட்டுப்பலகை அல்ல, முழு மரம். பின்புறம் ஈட்டி மரம். கழுத்தில் வளைவே இல்லை. குறுக்கே பதித்திருந்த உலோகப் பட்டைகளில் முதல் மூன்று மட்டும் தேய்ந்திருந்தன.

"இந்த எடத்துல மட்டுந்தான் வாசிச்சிருக்காருங்க," என்றேன்.

அந்த அம்மா சிரித்துவிட்டார். "அவருக்கு ஒரே பாட்டுத்தானுங்க தெரியும். அதுவும் பாதி. இருவது வருசமா அதையேதான் வாசிச்சாரு." சிரிக்கும்போதே கண் நிறைந்தது.

"நல்ல வெல போகும்ங்க. என்னால குடுக்க முடியாது. மெட்ராஸ்ல கேளுங்க," என்று உள்ளதைச் சொன்னேன். கழுத்து வளையாமலிருக்கக் கம்பிகளைத் தளர்த்தப் போனபோது அவர் தடுத்தார்.

"அப்படியே வுடுங்க. அந்தப் பாதிய எனக்குச் சொல்லிக் குடுப்பீங்களா?"

அவர் மெட்டை முணுமுணுத்தார். நான் ஒவ்வொரு சுரமாகக் கம்பியில் தேடிப் பிடித்தேன். அதன்பின் ஞாயிறுதோறும் பஸ் ஏறினேன். ஐப்பசி மழை ஓய்வதற்குள் அவருடைய விரல் நுனிகள் காய்த்துவிட்டன. விலையைப் பற்றி அவர் மறுபடி கேட்கவே இல்லை.