பொய்த்துப்போன நான்கு புயல்கள்

காலையில் அடித்த நீல பெயிண்டின் மேல் கட்டைவிரலை அழுத்தி எடுக்கிறார் ஷர்னூபி. ஒட்டுகிறது. நண்பகலுக்குள் காய்ந்திருக்க வேண்டிய பெயிண்ட். விரலை முகர்ந்துவிட்டுக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, துறை முழுக்கக் கேட்கும்படி கத்துகிறார்: "படகையெல்லாம் மேல இழுங்கடா! காத்துல ஈரம் ஏறிடுச்சு, புயல் வருது!"

மெக்ஸ் மீன்பிடித் துறையில் அவர் கைரேகை பதியாத படகு கிடையாது. படகுக்கு பெயிண்ட் அடிப்பதுதான் தொழில். வயது அறுபத்தெட்டு என்பார். மூன்று வருடமாக அதையேதான் சொல்கிறார். தேநீருக்கு நான்கு கரண்டி சீனி. "டாக்டர் ரெண்டு போதும்னாரு. அவரு சொன்னதுக்கு ரெண்டு, எனக்கு ரெண்டு."

மார்ச் மாதத்து அலெக்ஸாந்திரியா வானத்தை நம்பிக் கம்பளியை மடித்து வைத்தவன், மறுநாளே அதைத் தேடுவான். காலையில் வெயில், பத்து மணிக்கு மணல்காற்று, மதியம் ஆலங்கட்டி. எங்கள் புயல்களுக்குப் பெயர் உண்டு, தேதியும் உண்டு. அவைதான் தேதியை மதிப்பதில்லை. குளிர்காலத்தின் கடைசிப் புயலான 'அவ்வா' இன்னும் பாக்கி இருந்தது. அது வருகிறதென்று இந்த மாதம் மூன்று முறை படகுகளைக் கரையேற்ற வைத்தார் ஷர்னூபி. மூன்று முறையும் கடல் குளம்போலக் கிடந்தது. பதினெட்டு வருடமாக இங்கே ஐஸ் ஆலையில் இருக்கிறேன். மூன்று நாளும் என் ஐஸ் உருகி ஓடியது. நானும் திட்டினேன், மறைப்பானேன்.

நான்காவது முறை, அந்த நீல பெயிண்ட் ஒட்டிய அன்று, அவர் கத்தியபோது படகுக்காரன் அல்வான் நேரே வந்து நின்றான். "மாமா, இன்னிக்கும் பொய்யாப் போச்சுன்னா, இந்தத் துறையில ஒரு பய உங்க பேச்சைக் கேக்க மாட்டான்."

"பொய்யாப் போனா நீ என்னைத் திட்டுவே. நான் வாயை மூடிக்கிட்டு, அது நெசமாப் போச்சுன்னா, திட்டுறதுக்கு நீ இருப்பியாடா?"

முணுமுணுத்துக்கொண்டே படகுகளை ஏற்றினார்கள். மறுநாள் காலை வரை ஒரு கொடித்துணிகூட ஆடவில்லை. அல்வான் அவர் பக்கம் திரும்பாமல் நடந்து போனான். அது திட்டுவதைவிட மோசம். "இனிமே நான் வாயைத் திறக்கல," என்றார் ஷர்னூபி என்னிடம். அன்று தேநீரைப் பாதியில் வைத்துவிட்டார்.

சற்று நேரத்தில் அல்வானின் மனைவி தஹிய்யா மூடிய தட்டோடு வந்தாள்.

"மீன் எங்கேன்னு கேக்காதீங்க. நீங்கதான் யாரையும் போக விடலியே. பருப்புச் சோறுதான்," என்று அவர் முன்னால் வைத்தாள். பிறகு, அங்கே வலையை உதறிக்கொண்டிருந்த புருஷன் காதிலும் விழும்படி சொன்னாள்: "இந்த ஒரே மாசத்துல நாலு ராத்திரி இவரு புள்ளைங்களோட உக்காந்து சாப்பிட்டாரு. நானும் ஜன்னலைப் பாக்காமத் தூங்கினேன். நீங்க பொய்யாவே சொல்லிட்டு இருங்க மாமா. அல்லா உங்க விரலுக்கு ஆயுசைக் கொடுக்கட்டும்."

உருகிப்போன ஐஸுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று எனக்கு அன்றுதான் தோன்றியது. ஷர்னூபி சோற்றைப் பிசைந்தார், நிமிரவே இல்லை.

பிற்பகலில் வானம் கழுவித் துடைத்ததுபோல் இருந்தது. அல்வான் வலையும் ஐஸும் ஏற்றி இன்ஜினைக் கிளப்பிவிட்டான். ஷர்னூபி கடலுக்கு முதுகைக் காட்டியபடி பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். சொன்ன சொல் தவறாமல் வாய் மூடியே இருந்தது.

"மாமா!" என்று கத்தினான் அல்வான். "போகட்டுமா?"

பதில் காதில் விழ வேண்டுமென்று இன்ஜினை அணைத்தான்.